ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே பால்மரம்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு கீறல் விழுந்தது. சிங்க் ஓரத்திலிருந்து அடுப்புப் பக்கமாக ஒரு சாண் நீளம். போட்டது பாட்டி. பலகையை எடுக்கச் சோம்பல்பட்டு முருங்கைக்காயை மேடையிலேயே வைத்து நறுக்கியிருக்கிறார். கத்தி வழுக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "கேபினெட் போட்டு ரெண்டு வருஷங்கூட ஆவல" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து பாட்டி சமையலறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டார். ஹாலில் உட்கார்ந்து, கேட்டால் வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அறுபது வருஷத்துக்கு மேல் சமைத்துப் போட்டவர், "எனக்கு என்னத்துக்கு, நான் ஏதாச்சும் கீறி வெச்சிடுவேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அது கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா போன் செய்து, "நீ இன்ஜினியர்தான, வந்து இதுக்கு ஒரு வழி பாரு, இந்தக் கெழவி மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். சனிக்கிழமை கொமுட்டர் ஏறினேன். கிள்ளான் பக்கம் போகும் அந்தத் தடம் 1886இல் போடப்பட்டது. பிறகு துறைமுகம் வரைக்கும் நீண்டு, இந்தப் பள்ளத்தாக்கின் ரப்பரைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை எத்தனையோ முறை யோசிக்காமல் கடந்திருக்கிறேன். ஒரு கீறலைச் சரிசெய்யப் போன அன்றுதான் அது என் வேலைக்குச் சம்பந்தப்பட்ட விஷயமானது. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

காக்காப்பொன்னுக்குப் பதில்

நாம் 'போர்மைக்கா' என்று சொல்வது ஒரு கம்பெனியின் பெயர். தமிழ்நாட்டு ஆசாரிகள் இதையே 'சன்மைக்கா' என்பார்கள். அதுவும் கம்பெனிப் பெயர்தான். இரண்டிலும் 'மைக்கா' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைக்கா என்றால் காக்காப்பொன். ஆனால் நம் சமையல் மேடைத் தகட்டில் காக்காப்பொன் ஒரு துளியும் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்மோட்டார்களுக்குள் மின்சாரம் கசியாமல் தடுக்கக் காக்காப்பொன்னைப் பயன்படுத்தினார்கள். 1912இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை செய்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள், அதற்கு மாற்றாகப் பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்திச் சூடாக்கி ஒரு தகடு செய்தார்கள். பிசின், 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட். அடுத்த ஆண்டே வேலையை விட்டு சின்சினாட்டியில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். 'மைக்காவுக்குப் பதில்' என்று பொருள்படும் 'ஃபார் மைக்கா' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக்கொண்டு ஃபார்மைக்கா ஆயின. ஆக, இன்று நாம் தோசை ஊற்ற மாவுச் சட்டி வைக்கும் மேடை, முதலில் மோட்டார் உதிரிப்பாகம்.

பேக்கலைட் பிசின் கருப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். சமையலறைக்குள் வர அதற்கு நிறம் வேண்டியிருந்தது. 1930களின் இறுதியில் மெலமைன் பிசின் கைக்கு வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவானது, கெட்டியானது. அதன் அடியில் எந்தப் படத்தையும் வைக்கலாம். பளிங்கு வேண்டுமா, தேக்கு வேண்டுமா, புள்ளி போட்ட கிரானைட் வேண்டுமா, அச்சடித்த காகிதமாக வைத்துவிடலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகம் முழுக்கச் சமையலறைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இந்தத் தகட்டால் மூடப்பட்டன.

செய்முறை இன்றும் ஏறக்குறைய அதுதான். பழுப்புநிற கிராஃப்ட் காகிதம் பல அடுக்கு. மேலே அச்சடித்த படத்தாள் ஒன்று. சிலவற்றில் அதற்கும் மேலே தெளிவான ஒரு காப்புத் தாள். எல்லாவற்றையும் பிசினில் ஊறவைத்து, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் கொடுத்து, 140 பாகை செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். வெளியே வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், பல நேரம் அதற்கும் குறைவு. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாத மாதிரி, இந்தப் பிசினை மறுபடி உருக்க முடியாது. ஆகவே கீறலைச் சூடுகாட்டி மூட வழியில்லை. உப்புத்தாளால் தேய்க்கவும் முடியாது. அந்த ஒரு மில்லிமீட்டரில் படம் இருப்பது உச்சியில் ஒரு தாள் கனம் மட்டுமே. தேய்த்தால் கிரானைட் போய்ப் பழுப்புக் காகிதம் வந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்குக் கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே சுவரோர மேசைகளில், முழங்கை ஊன்றும் இடங்களில் மட்டும் மரவரி தேய்ந்து பழுப்பு தெரியும். பல வருஷமாகச் சாப்பிட்டவர்களின் கைகளும் துடைத்தவர்களின் துணியும் சேர்ந்து ஒரு தாளைத் தின்றிருக்கின்றன. இதைப் படித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

"வண்டு தின்னுடுமே"

கிள்ளான் வீட்டில் கீறலை நகத்தால் தடவிப் பார்த்தேன். பாதி தூரம் நகம் சிக்கவில்லை, மினுமினுப்பு மட்டும் போயிருந்தது. மீதிப் பாதியில் நகம் சிக்கியது, பழுப்புக் கோடு தெரிந்தது. சிங்க் விளிம்பில்தான் பிரச்சினை. கத்தி முனை நெம்பி, நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே வெளிறிய மஞ்சளில் மரத்துணுக்குகள் தெரிந்தன. சிப்போர்ட். தண்ணீர் பட்டால் பொரி மாதிரி ஊதிவிடும்.

கேபினெட் செய்த கடைக்குப் போன் போட்டு என்ன பலகை என்று கேட்டேன். சீன அங்கிள் யோசிக்காமல், "காயு கெத்தா லா" என்றார். ரப்பர் மரம். இழுப்பறைகளும் அதுதானாம், அவை முழுக்கட்டை.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மரச்சாமான்களில் பெரும்பகுதி ரப்பர் மரம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஆனால் அது பரீட்சைக்கான செய்தி. ஹாலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"பாட்டி, நீங்க கீறுனது பால்மரம்."

"எது?"

"அந்த மேடைதான். மேல இருக்கறது வெறுங் காயிதம். உள்ள பால்மரத்தத் துண்டு துண்டாக்கி ஒட்டியிருக்கான்."

பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பின்மீது சந்தேகம் தெரிந்தது. "போடா. பால்மரத்துல எவன் வூட்டு சாமான் செய்வான்? வெட்டிப் போட்டா ஒரு வாரத்துல நீலம் பூத்துடும். ரெண்டு மாசத்துல வண்டு தின்னுடுமே."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு காலம் வரைக்கும்.

காயம் படாத வெட்டு

பாட்டி 1960இல், பதினைந்து வயதில், காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்ட ஆரம்பித்தவர். அந்த மரம் இங்கே வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோல கங்சாரில் நடப்பட்டன. பாடப்புத்தகம் விதையில் தொடங்கி ஏற்றுமதியில் முடிந்துவிடும். நடுவில் இருக்கும் கத்தியைப் பற்றி அதிகம் சொல்லாது.

அமேசான் காட்டில் மரத்தைச் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்தல் கட்டை வரைக்கும் இறங்கும், மரம் கெட்டுப்போகும். காடு பெரிது, அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். தோட்டத்தில் அப்படி முடியாது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, 1890களில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். புதிதாகக் கொத்த வேண்டாம். ஏற்கனவே இருக்கும் வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும், அதே காயம் மறுபடி திறந்துகொள்ளும். திறக்கத் திறக்கப் பால் கூடுமே தவிரக் குறையாது. உலக ரப்பர்த் தொழில் இந்த ஒரு சீவலின்மேல்தான் எழுந்தது.

அந்தச் சீவலுக்கு அளவு உண்டு. பால் ஓடும் நாளங்கள் பட்டையின் உட்புறத்தில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கேம்பியம் என்ற வழுவழுப்பான மெல்லிய படலம். மரம் வளர்வதும் புதுப்பட்டை கட்டுவதும் அதனால்தான். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் மீறிக் கேம்பியத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டு முண்டாகி, புதுப்பட்டை ஒழுங்காக வராது, மறுசுற்றில் வெட்ட முடியாது. ஆகவே கேம்பியத்துக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும். மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும், நாளங்கள் எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுவதால் அப்போதுதான் அதிக நாளங்கள் அறுபடும். சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் போல. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினாலும் மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் பட்டை கரையும். பட்டைதான் தோட்டத்தின் முதல். அதை வீணாக்கக்கூடாது.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. பாட்டியிடம் கேட்டபோது எண்கள் எதுவும் வரவில்லை.

"கைக்குத் தெரியும்யா. உளிய வெச்சு இழுத்தா கொழகொழன்னு போவும். உள்ள நெருங்குனா ஒரு மாதிரி கெட்டியாவும். அங்க நிறுத்திடணும். இருட்டுல என்னத்தப் பாக்குறது, நெத்தி லைட்டு வெளிச்சத்துல பாதி நிழலுதான்."

விடியுமுன்னே பெரட்டு. மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் நேரம் அது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஓர் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். முதலில் பழைய கோட்டுப்பாலை உரித்தெடுத்து, பிறகு சீவி, மங்கைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரம். காயம் பட்டால்? "மண்டோரு வந்து எண்ணுவாரு. இந்த நெறையில இத்தன காயம்னு கிராணிகிட்ட போயிடும். வாய்க்கு வந்தபடி பேசுவானுங்க. நான் கல்யாணம் ஆன வருஷம் மட்டுந்தான் நெறய காயம் போட்டேன்." ஏன் என்று நான் கேட்கவில்லை.

முப்பத்து நான்கு வருஷம். ஒரு நாளைக்கு நானூறு மரம் என்றால் எத்தனை வெட்டு என்று போனில் கணக்குப் போட்டேன். லட்சங்களைத் தாண்டிப் போகிறது. இத்தனைக்கும் பிறகு, ஒரு முருங்கைக்காயால் விழுந்த ஒரு கீறலுக்காக அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

விறகு

ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் வற்றி மறுநடவுக்குத் தயாராகிவிடும். வெட்டிய கட்டையை என்ன செய்வது? பாட்டி சொன்ன நீலம் ஒருவகைப் பூஞ்சை. இந்த மரத்தில் வைரம் பாய்வதில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த வெளிறிய கட்டை. பூஞ்சைக்கும் துளைக்கும் வண்டுக்கும் விருந்து. அதனால் பலகைக் கணக்கில் அது சேர்ந்ததே இல்லை. மருந்து பூசி நின்ற இடத்திலேயே சாகவிட்டு மட்கவைத்த தோட்டங்கள் உண்டு. மரத்தை அகற்றுவது தோட்டத்துக்குச் செலவு.

மிச்சம் எல்லாம் விறகு. பால்ஷீட்டைப் புகைபோட்ட ஸ்மோக்ஹவுஸில் எரிந்தது ரப்பர் விறகு. புகையிலை உலர்த்தும் கொட்டகைகளிலும் செங்கல் சூளைகளிலும் எரிந்தது அதுதான். நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயரே சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்ட உத்தரவாகி, யாப் ஆ லோய் முதலானோர் அங்கே சூளை போட்டார்கள். அப்போது ரப்பர் இங்கே தோட்டப்பயிராகவில்லை, எரிந்தது காட்டு விறகாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் நாட்டில் வந்த சூளைகளுக்கு ரப்பர்த் தோட்டங்கள் விறகு கொடுத்தன.

லயத்து வீட்டு அடுப்பிலும் அதே விறகுதான். பாட்டி காலையில் வெட்டியது உயிருள்ள பால்மரம், மதியம் அடுப்பில் எரித்தது செத்த பால்மரம். "காஞ்சா நல்லா எரியும், புகையும் கம்மி. பச்சையா இருந்தாத்தான் கண்ணு போயிடும்."

இந்த மரத்தின் தலையெழுத்தை மாற்றியது கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட ஆய்வுக்கூடங்களின் வேலை. பழைய ஈயச்சுரங்க நிலத்தில் 1929இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. தீர்வு கேட்பதற்கு எளிமையானது. வெட்டிய சில நாட்களுக்குள் மரத்தை அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, பிறகு சூளையறையில் ஈரம் எடுக்க வேண்டும். கேரம்போர்டுக்குப் போடுகிறோமே, அதே போரிக் பவுடர்தான். வண்டு வராது, பூஞ்சை பிடிக்காது. காட்டு மரம் குறைந்துகொண்டுவந்த 1970களின் இறுதியில் வெளிநாட்டு வாங்குபவர்கள் இந்த வெளிறிய மரத்தைத் தேடிவர ஆரம்பித்தார்கள். 1980களில் மரச்சாமான் ஆலைகள் பெருகின. பலகைக்கு ஆகாத கிளையும் சிராயும் சிப்போர்டாகவும் எம்.டி.எஃப். பலகையாகவும் மாறின. கோல்டன் ஹோப் போன்ற பழைய தோட்டக் கம்பெனியே ஃபைபர்போர்டு ஆலை நடத்தியது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பாலும் மரமும் இரண்டும் தரும் ரகங்களை உருவாக்கி, ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை என்று வெளியிட்டது. காசு கொடுத்து அகற்றிய மரத்துக்கு இப்போது குத்தகைக்காரர்கள் காசு கொடுத்தார்கள்.

'மலேசிய ஓக்' என்றுகூட இதற்கு வியாபாரப் பெயர் வைத்தார்கள். காட்டை அழிக்காத மரம், ஆயுள் முடிந்த பிறகுதான் வெட்டுகிறோம் என்று விளம்பரப் பிரசுரங்களில் போடுவார்கள். அது உண்மைதான். நான் குறை சொல்ல வரவில்லை. பால் முடிந்ததும் மட்கிப்போன மரத்துக்கு இரண்டாவது ஆயுள் கிடைத்தது நல்ல பொறியியல்.

இருபது நாள்

ஆனால் அந்த இரண்டாவது ஆயுள் தொடங்கிய வருஷங்களில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் முடிந்துகொண்டிருந்தன. ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். சுபாங் ஜெயா 1976 முதல் சீஃபீல்டு தோட்டத்தில் எழுந்தது. 1990களில் புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் போயின. 'பி.பி.' என்று தொடங்கும் ரப்பர் ரகங்கள் உலகம் முழுக்க நடப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டெழுத்து பிராங் பெசாரைக் குறிக்கிறது. தோட்டத்தின் பெயர் மரத்தில் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. அங்கே மரம் வெட்டிய குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலமே இப்போது குவாசா டாமான்சாரா என்ற புறநகர்.

பாட்டியின் தோட்டம் 1994இல் முடிந்தது. வேலை நீக்கத்துக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஆளுக்கு ஒவ்வொரு வருஷ சேவைக்கும் இருபது நாள் சம்பளம். முப்பத்து நான்கு வருஷத்தை இருபதால் பெருக்கினால் அறுநூற்று எண்பது நாள். இரண்டு வருஷச் சம்பளம்கூட இல்லை. எவ்வளவு வாங்கினார் என்று கேட்டேன். "வாங்குனது ஞாபகம் இருக்கு. எண்ணுனது ஞாபகம் இல்ல. ஒங்க அம்மா கல்யாணத்துக்குப் போச்சு."

கேட்க வேண்டியிருந்த இன்னொரு கேள்வி: "மரத்த என்ன செஞ்சாங்க?"

"லாரி வந்துச்சு. நாங்க சாமான் ஏத்துன லாரி ஒரு பக்கம், மரம் ஏத்துன லாரி ஒரு பக்கம். அப்பவே நெனச்சேன், இம்புட்டு வெறக எங்கதான் கொண்டுட்டுப் போறானுங்கன்னு."

விறகு இல்லை என்பது அவருக்கு முப்பது வருஷம் கழித்து, ஒரு கீறலால் தெரியவந்தது.

மரத்தை இரண்டு முறை கணக்கில் எடுத்தார்கள், பாலுக்கு ஒருமுறை, பலகைக்கு ஒருமுறை. வெட்டியவர்களை ஒருமுறைதான் எடுத்தார்கள். அந்தப் பலகை நேராக நின்று அறுபட்டது, முண்டு முடிச்சு இல்லாமல் இருந்தது என்றால், அதற்கு முப்பது வருஷம் காயம் படாமல் வெட்டிய கைகளும் ஒரு காரணம். கட்டை வரைக்கும் இறங்கிய காயம் பலகையிலும் கறையாகத் தெரியும். இழப்பீட்டுக் கணக்கில் இதற்குக் கட்டம் கிடையாது. நான் உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஒரு பொருளின் தரத்துக்கு யார் யார் காரணம் என்று பட்டியல் போடுவது என் தொழிலில் தினசரி வேலை. அந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்க்கிறேன்.

கீறலை மூடுதல்

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். சமையலறைக் கீறலுக்குள் எண்ணெய் இருந்தால் எதுவும் ஒட்டாது. நகம் சிக்காத பகுதிக்குக் கார் பாலிஷ் கொஞ்சம், மிருதுவான துணியால் வட்டமாக. பற்பசை போடச் சொல்வார்கள், வேண்டாம். அதில் அரைக்கும் தூள் இருக்கிறது, சுற்றியுள்ள பளபளப்பையும் மங்கலாக்கிவிடும். மெழுகுக் குச்சியும் மேடைக்கு ஆகாது, சூடான சட்டி வைத்த அன்றே இளகிவிடும்.

சிங்க் விளிம்புச் சில்லுக்குத்தான் முதல் கவனம். முடி உலர்த்தும் மெஷினைக் குறைந்த சூட்டில் வைத்து, மரத்துணுக்கில் ஈரம் போகும்வரை காட்டினேன். இரண்டு டியூப் எபோக்சியைச் சம அளவு கலந்து உள்ளே நிரப்பி, விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தினேன். தண்ணீருக்கு வழி அடைந்துவிட்டது. நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகம் சிக்கிய பகுதிக்கு லேமினேட் பேஸ்ட். சாம்பல், வெள்ளை, கருப்பு என்று சின்ன டியூப்கள், இணையத்தில் வரவழைத்தேன். கீறலின் இரு பக்கமும் மறைப்பு டேப் ஒட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய தட்டில் நிறம் கலந்தேன். இது காய்ந்தால் கொஞ்சம் கருக்கும், சுருங்கவும் செய்யும். அதனால் ஒரே பூச்சில் நிரப்பாமல், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். முதல் பூச்சை நான் போட்டேன். பிளாஸ்டிக் கத்தியால் மட்டம் இழுத்தபோது பாதிப் பேஸ்ட் கீறலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது.

பாட்டி எப்போது வந்து கதவோரம் நின்றார் என்று தெரியவில்லை.

"அழுத்துற."

"அழுத்தலன்னா மட்டம் வராது பாட்டி."

"கத்திய நிமித்திப் புடிச்சிருக்க. அதான் தோண்டுது. சாச்சுப் புடி. இப்படிக் குடு."

வாங்கினார். இடது கையால் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சாய்த்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தவில்லை. பேஸ்ட் மட்டமாக நின்றது. அடுத்த பூச்சையும், அதற்கடுத்ததையும் அவரே இழுத்தார். கிரானைட் புள்ளிகளுக்குப் பல்குத்தும் குச்சியால் கருப்பும் வெள்ளையும் வைத்ததுதான் என் பங்கு. ஓரத்தில் வழிந்ததைத் தின்னர் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தேன். ஓர் இரவு முழுக்க மேடையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை அம்மா விரலால் தடவிப் பார்த்து, "எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், மறையவில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிவாக விழும்போது அந்த இடம் சற்று மங்கலாகத் தெரியும். நிறம் ஒரு மாற்றுக் கம்மி. பேஸ்ட் ஒருநாளும் மெலமைன் அளவுக்குக் கெட்டியாகாது, இன்னும் சில வருஷத்தில் மறுபடி போட வேண்டிவரும்.

அடுத்த வாரம் வரும்போது கோலாலம்பூரில் ஒரு நறுக்கும் பலகை வாங்கிவந்தேன். அடியில் 'ஹெவியா' என்று முத்திரை குத்தியிருந்தது, ரப்பர் மரத்தின் அறிவியல் பெயரில் பாதி. பாட்டியிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"காஞ்சா வாசனையே இருக்காது" என்றார்.

பிறகு அதை மேடைமேல் வைத்து, முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார்.